குக்குலுவும் குருதிக் கொழுப்பும்: ஒரு மருந்துச் செய்தியின் மொழிபெயர்ப்பு நிலைகள்

1. முன்னுரை

'இம்மூலிகை இரத்தக் கொழுப்பைக் குறைக்கும்' என்னும் தொடர் தமிழ் மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படுவதாகும். இத்தகைய தொடரின் பின்னே பெரும்பாலும் விலங்குகளிடம் நிகழ்த்தப்பெற்ற ஓர் ஆய்வு இருக்கும். அவ்வாய்வின் மூல அறிக்கையில் எந்த விலங்கு, செடியின் எந்தப் பகுதி, எவ்வகைக் கொழுப்பு, உடலின் எவ்விடத்துக் கொழுப்பு, எத்தனை நாள் என்னும் செய்திகள் குறிக்கப்பெற்றிருக்கும். தமிழுக்கு வந்து சேரும்போது அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, செடியின் பெயரும் கொழுப்பும் ஒரு வினைமுற்றும் மட்டுமே எஞ்சுகின்றன. எஞ்சிய தொடரைப் படிக்கும் நோயாளி அதனைத் தமக்குரிய மருத்துவ அறிவுரையாகக் கொள்வது இயல்பு. ஆகவே இவ்வுதிர்வு நடை பற்றிய சிக்கல் மட்டுமன்று. உடல்நலம் பற்றியதும் ஆகும்.

இச்சிக்கலை ஆராய்வதற்குக் குக்குலு என்னும் பிசின் ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகிறது. இதன் வரலாறு வடமொழி மருத்துவ நூல் ஒன்றில் தொடங்கி, இந்திய ஆய்வுக்கூடங்களின் முயல்களுக்கும் எலிகளுக்கும் சென்று, பின்னர் மனிதரிடம் சோதிக்கப்பெற்று, இறுதியில் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு நிலையிலும் 'இதற்கு இது நிகர்' என்னும் ஒரு முடிவு எடுக்கப்பட்டுள்ளது. நிகரன்களைத் தேர்வதே மொழிபெயர்ப்பாளரின் தொழில் ஆதலால், இவ்வரலாறு அவருக்கு நேரடியாகப் பயன்படுவதாகும்.

2. பெயரும் பொருளும்

குக்குலு என்பது இராசத்தான், குசராத்து ஆகிய மாநிலங்களின் வறண்ட நிலப்பகுதிகளில் வளரும் முள்ளுடைய சிறுமரம் ஒன்றின் பட்டையிலிருந்து வடியும் நறும்பிசின். அம்மரத்தின் தாவரவியற் பெயர் கொம்மிபோரா வைட்டி என்பதாகும். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் அது கொம்மிபோரா முக்குல் எனக் குறிக்கப்பெற்றிருக்கும். இரண்டும் ஒரே மரத்தின் பெயர்களே. இதனை அறியாதவர் இரு வேறு செடிகள் பற்றிய இரு வேறு ஆய்வுகளாக அவற்றைக் கருத இடமுண்டு.

தமிழ்ப் பெயரில் சிக்கல் மேலும் மிகுதி. குங்குலியம், குங்கிலியம் என்னும் தமிழ்ச் சொற்கள் 'குக்குலு' என்னும் வடசொல்லோடு தொடர்புடையன. திருக்கடவூரில் இறைவனுக்கு நறும்புகையிடும் தொண்டினை மேற்கொண்ட அடியார் குங்குலியக்கலய நாயனார் என்றே பெயர் பெற்றார். எனினும் தமிழ் வழக்கில் இச்சொல்லின் பொருள் விரிந்து, நெருப்பிலிட்டுப் புகைக்கும் பிசின்கள் பலவற்றுக்கும் பொதுவாயிற்று. சித்த மருத்துவத்தில் குங்கிலிய பற்பம் எனப்படுவது சால மரத்தின் பிசினிலிருந்து செய்யப்படுவது. கருங்குங்கிலியம் என்பதோ முற்றிலும் வேறான ஒரு மரத்தின் பிசின். எனவே கொம்மிபோரா பிசினைப் பற்றிய ஆய்வினைக் 'குங்கிலியம்' என்று மட்டும் பெயர்த்தால், நாட்டுமருந்துக் கடையில் படிப்பவருக்குக் கிடைப்பது ஆய்வு செய்யப்படாத வேறொரு பொருளாக இருக்கக்கூடும்.

இவ்விடர்ப்பாட்டினை நீக்கும் வழியும் தமிழ் மருந்துச் சொற்களிலேயே உள்ளது. பாவப்பிரகாசம் என்னும் வடமொழி நூல் குக்குலுவை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்று எருமையின் கண்ணை ஒத்தது என்னும் பொருளுடைய மகிஷாக்ஷம். அச்சொல்லே தமிழில் மைசாட்சி எனத் திரிந்து வழங்குகிறது. 'குக்குலு' அல்லது 'மைசாட்சிக் குங்கிலியம்' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் தாவரவியற் பெயரையும் தமிழ் எழுத்தில் தருவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

3. மேதசு என்னும் சொல்: நூலிலிருந்து முயலுக்கு

சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் உடல் பருமன் பற்றிய பகுதி ஒன்று உள்ளது. கபத்தைப் பெருக்கும் உணவினை உண்பவர், மிகுதியாக உண்பவர், உடலுழைப்பு அற்றவர், பகலில் உறங்குபவர் ஆகியோரிடம் சரிவரச் செரியாத உணவுச்சாரம் உடலெங்கும் சென்று மேதசினைப் பெருக்குகிறது என்று அந்நூல் விளக்குகிறது. பெருகிய மேதசு உடலின் வழிகளை அடைப்பதால் பிற தாதுக்கள் ஊட்டம் பெறுவதில்லை. மூச்சிரைப்பு முதலாகப் பல நோய்கள் தோன்றுகின்றன. இதற்குரிய பொருள்களாகச் சிலாசத்து, குக்குலு, திரிபலை, தேன், வாற்கோதுமை, பாசிப்பயறு முதலியன கூறப்பட்டுள்ளன.

பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்ட ஜி. வி. சத்தியவதி இப்பகுதியைப் புதிய நோக்கில் படித்தார். மேதசின் பெருக்கமும் வழிகளின் அடைப்பும் சேர்ந்த இவ்விளக்கம், குருதியில் கொழுப்பு மிகுவதையும் நாளங்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடிப்பதையும் பற்றிய இக்கால மருத்துவ விளக்கத்தை ஒத்திருப்பதாக அவர் கண்டார். ஒப்புமை மெய்யாயின் குக்குலு விலங்குகளின் குருதிக் கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்பது அவர் கருதுகோள். 1966இல் அளிக்கப்பெற்ற அவரது ஆய்வேடும், துவாரகாநாத், திரிபாதி ஆகியோருடன் இணைந்து 1969இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் அக்கருதுகோளின் சோதனையாகும். கொலஸ்டிரால் ஊட்டப்பெற்ற முயல்களில் குக்குலு குருதிக் கொலஸ்டிராலைக் குறைத்தது. அத்தீனியால் உண்டாகும் நாளத் தடிப்பிலிருந்தும் அவற்றுக்குப் பாதுகாப்பளித்தது. சத்தியவதி பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

மொழியியல் நோக்கில் இங்கு நிகழ்ந்தது ஒரு பொருள் நிகரீடு. அது சொல்லுக்குச் சொல்லாக அமைந்ததன்று. ஆயுர்வேதத்தில் மேதசு என்பது ஏழு தாதுக்களுள் ஒன்று. சாரம், குருதி, ஊன், மேதசு, என்பு, மச்சை, சுக்கிலம் என்னும் வரிசையில் குருதியும் மேதசும் தனித்தனித் தாதுக்கள். 'குருதியில் உள்ள மேதசு' என்னும் அளவைக்கு அவ்வகைப்பாட்டில் நேரான இடம் இல்லை. கொலஸ்டிரால் என்னும் சொல்லோ வேறு மரபினது. பித்தத்தையும் திண்மையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து அது பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியலார் பித்தக்கற்களில் கிடைத்த பொருளுக்கு இட்ட பெயரின் வழிவந்தது. ஒன்று உடலின் ஊட்ட வரிசையில் ஒரு படி; மற்றொன்று குடுவையில் பிரித்தெடுக்கத்தக்க ஒரு வேதிப்பொருள்.

ஆகவே முயலாய்வு வெற்றி பெற்றதனால் 'மேதசு என்பது கொலஸ்டிராலே' என்று நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. குக்குலு அம்முயல்களிடம் ஒரு விளைவை உண்டாக்கியது என்பதே நிறுவப்பட்டது. பழைய நூல் ஒரு பயனுள்ள வினாவைத் தந்தது. விடையைத் தந்தது முயல். இவ்வேறுபாடு மறைந்தால், 'பண்டையோர் கொலஸ்டிராலை அறிந்திருந்தனர்' என்னும் மிகைக்கூற்று தோன்றுகிறது.

நிகரீட்டின்போது மூலத்தின் ஒரு கூறு விடுபடுதலும் உண்டு. சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைத்தானம் புதிய குக்குலுவையும் பழைய குக்குலுவையும் வேறுபடுத்துகிறது. புதியது உடலைப் பெருக்கும் என்றும் பழையதே இளைக்கச் செய்யும் என்றும் அது கூறுகிறது. 'பண்டைய நூல்களில் கொழுப்பைக் குறைப்பதாகக் கூறப்பட்ட குக்குலு' என்று பொதுப்பட எழுதும் கட்டுரைகளில் இவ்வரையறை காணப்படுவதில்லை. மூல நூலைச் சான்றாகக் காட்டுபவர் அந்நூல் இட்ட வரையறையையும் உடன் காட்டுதல் முறையாகும்.

4. விலங்குகளும் அவற்றின் கொழுப்பும்

கொலஸ்டிரால் ஊட்டிய முயலின் நாளங்களில் தடிப்பு உண்டாவதை 1913இல் இரசிய நாட்டு அனிச்சுகோவ் காட்டினார். அதுமுதல் முயல் இத்துறையின் முதன்மை விலங்காயிற்று. முயல் தாவர உண்ணி. அதன் இயற்கை உணவில் கொலஸ்டிரால் இல்லை எனலாம். தீனியில் அதனைச் சேர்த்தால் குருதியின் அளவு பன்மடங்காக ஏறுகிறது. மனிதரிடம் உணவுக் கொலஸ்டிரால் அவ்வளவு பெரிய ஏற்றத்தை உண்டாக்குவதில்லை. முயலிடம் இறக்கப்படுவது, முன்னரே செயற்கையாக ஏற்றப்பட்ட ஓர் அளவு என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எலியோ இதற்கு நேர்மாறானது. கொலஸ்டிராலை மட்டும் ஊட்டினால் அதன் குருதி அளவு எளிதில் உயர்வதில்லை. ஆகவே பித்த அமிலத்தையும் தைராய்டைத் தடுக்கும் பொருளையும் தீனியில் சேர்ப்பர். அல்லது கொழுப்பு குருதியிலிருந்து நீங்குவதைத் தடுக்கும் டிரைட்டான் என்னும் வேதிப்பொருளை ஊசிவழிச் செலுத்துவர். மனிதக் குருதியில் கொலஸ்டிராலின் பெரும்பகுதியை அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் சுமக்கிறது. எலியிடமும் சுண்டெலியிடமும் அடர்த்தி மிகுந்த கொழுப்புப்புரதமே பெரும்பகுதியைச் சுமக்கிறது. கொலஸ்டிராலை ஒரு கொழுப்புப்புரதத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் புரதம் மனிதரிடமும் முயலிடமும் உண்டு. எலியிடமும் சுண்டெலியிடமும் இயல்பாக இல்லை. எனவே 'எலிகளில் மொத்தக் கொலஸ்டிரால் குறைந்தது' என்னும் முடிவை, மனிதரிடம் கேடு விளைக்கும் பகுதி குறையும் என்று பொருள்படப் பெயர்த்தல் கூடாது.

விலங்குகளின் தமிழ்ப் பெயர்களும் கவனத்திற்குரியன. ஆங்கிலம் இரு வேறு சொற்களால் பிரிக்கும் இரு விலங்குகளையும் தமிழ் வழக்கு 'எலி' என்ற ஒரே சொல்லால் சுட்டுவதுண்டு. பெரியதை எலி என்றும் சிறியதைச் சுண்டெலி என்றும் தவறாது வேறுபடுத்த வேண்டும். அவற்றின் உடலமைப்பே வேறு. எலிக்குப் பித்தப்பை இல்லை, சுண்டெலிக்கு உண்டு. கொலஸ்டிரால் பித்தத்தின் வழியே உடலை விட்டு நீங்குவதாகலின், இவ்வேறுபாடு இத்துறையில் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆய்வுக்கூடத்து வெண்ணிற எலியை 'வெள்ளெலி' எனப் பெயர்ப்பதும் பிழைக்கு இடந்தரும். வேளாண் நூல்களில் வெள்ளெலி என்பது வயல்களில் வளை தோண்டி வாழும் வேறோர் இனம். ஹாம்ஸ்டர் என்னும் கொறிவிலங்கையும் இப்பெயரால் குறிப்பவர் உளர். அதுவும் கொழுப்பு ஆய்வுகளில் பயன்படும் விலங்காதலால் குழப்பம் இரட்டிப்பாகிறது. 'வெண்ணிற ஆய்வக எலி' என்று விரித்தெழுதுவதே நன்று.

5. பிசினிலிருந்து மாத்திரைக்கு

1970களில் இவ்வாய்வு இரு திசைகளில் வளர்ந்தது. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சுக்தேவும் அவர்தம் குழுவினரும் பிசினின் வேதிக்கூறுகளைப் பிரித்தனர். அவற்றுள் இரு வடிவங்களில் அமைந்த குக்குலுஸ்டீரோன் என்னும் ஸ்டீராய்டு முதன்மையானது. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்தியானந்த், கபூர் முதலியோர் எத்தில் அசிட்டேட்டில் கரையும் பகுதியைப் பிரித்தெடுத்து விலங்குகளிடம் ஆராய்ந்தனர். குக்குலுஸ்டீரோன் அளிக்கப்பெற்ற எலிகளின் கல்லீரலில், அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளின் செயல் மிகுந்ததாக 1990இல் வெளிவந்த ஒரு கட்டுரை தெரிவித்தது. கரைபகுதியைச் செந்தரப்படுத்திச் செய்த குகுலிப்பிடு என்னும் மருந்து 1980களின் பிற்பகுதியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இங்கு நான்கு பொருள்கள் உள்ளன: நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் பிசின், அதனைச் சுத்தி செய்து பிற சரக்குகளுடன் சேர்த்த ஆயுர்வேத மருந்து, செந்தரப்படுத்திய கரைபகுதி, தூய குக்குலுஸ்டீரோன். ஆய்வு முடிவு இவற்றுள் ஒன்றுக்கே உரியது. தமிழ்க் கட்டுரைகளில் நான்கும் 'குக்குலு' என்றே வருவதுண்டு. ஒன்றுக்கு உரிய முடிவு மற்றொன்றுக்குத் தானாகப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

குக்குலுஸ்டீரோன் எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு 2002இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒரு விடை தந்தது. கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலங்களாக மாற்றுகிறது. பித்த அமிலங்கள் மிகும்போது அவை ஃபார்னீசாய்டு எக்ஸ் ஏற்பி என்னும் புரதத்தைத் தூண்டி அம்மாற்றத்தை அடக்குகின்றன. குக்குலுஸ்டீரோன் அவ்வேற்பியைத் தடுக்கிறது என்று அவ்வாய்வு கண்டது. கொலஸ்டிரால் மிகுந்த தீனியுண்ட இயல்பான சுண்டெலிகளில் அது கல்லீரலின் கொலஸ்டிராலைக் குறைத்தது. அவ்வேற்பி நீக்கப்பெற்ற சுண்டெலிகளில் குறைக்கவில்லை. இங்கு அளக்கப்பெற்றது குருதியின் கொலஸ்டிரால் அன்று, கல்லீரலினது. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இதே ஏற்பிக்கு உட்பட்ட பித்த உப்பு வெளியேற்றப் புரதத்தின் மரபணுச் செயலைக் குக்குலுஸ்டீரோன் மிகுவிப்பதாகக் காட்டியது. 'தடுப்பான்' என்னும் ஒரு சொல்லுக்குள் முழுச் செயலும் அடங்கிவிடவில்லை என்பது இதனால் பெறப்படும்.

6. மனிதரிடம் கண்ட முடிவுகள்

இந்தியாவின் பல நகரங்களில் நிகழ்ந்த குகுலிப்பிடு சோதனைகளின் முடிவு 1989இல் வெளிவந்தது. மருத்துவரும் நோயாளியும் அறியாவண்ணம் மருந்தளித்த பகுதியில் 125 பேர் குகுலிப்பிடும் 108 பேர் அக்காலத்து வழக்கிலிருந்த குளோபைப்ரேட் என்னும் மருந்தும் உட்கொண்டனர். குகுலிப்பிடினால் கொலஸ்டிரால் சராசரியாக 11 சதவீதமும் டிரைகிளிசரைடு 16.8 சதவீதமும் குறைந்தன. குளோபைப்ரேட்டினால் முறையே 10, 21.6 சதவீதம் குறைந்தன. விலங்காய்வு மனிதரிடமும் மெய்யாயிற்று என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

2003இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்த ஆய்வு அக்கருத்தினை ஐயத்திற்கு உள்ளாக்கியது. பிலடெல்பியாவில் கொலஸ்டிரால் மிகுந்த 103 பேர் 8 வாரம் ஆராயப்பட்டனர். மருந்துப்போலி பெற்றவரிடம் அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதக் கொலஸ்டிரால் 5 சதவீதம் இறங்கியது. நாளொன்றுக்கு மும்முறை 1000 மில்லிகிராம் குகுலிப்பிடு பெற்றவரிடம் அது 4 சதவீதமும், மும்முறை 2000 மில்லிகிராம் பெற்றவரிடம் 5 சதவீதமும் ஏறியது. மொத்தக் கொலஸ்டிராலிலும் டிரைகிளிசரைடிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மருந்துண்டவருள் 6 பேருக்குத் தோல் தடிப்பு ஏற்பட்டது. 2009இல் வெளிவந்த நார்வே நாட்டுச் சிறிய ஆய்வொன்றில் மொத்தக் கொலஸ்டிரால் ஓரளவு குறைந்தது. ஆனால் குறைக்க வேண்டிய அடர்த்தி குறைந்த பகுதியில் உறுதியான மாற்றம் இல்லை. நன்மை தருவதாகக் கருதப்படும் அடர்த்தி மிகுந்த பகுதி குறைந்தது.

இம்முரண்பாட்டை ஆராய்வோர் உணவுப்பழக்கம், மருந்தின் அளவு, கரைபகுதியின் ஆக்கம், ஒப்பீட்டு முறை ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கருத வேண்டியுள்ளது. முயலிடம் கண்டது பொய்யன்று. அது முயலுக்கு உரிய உண்மை. மனிதர்க்கு உரியதாக அதனைப் பெயர்த்தபோதுதான் நிகரன் ஐயத்திற்குரியதாயிற்று.

இதற்கு அப்பாலும் ஒரு படி உண்டு. குருதியில் ஓர் எண் குறைவதும் மாரடைப்பு தவிர்க்கப்படுவதும் ஒன்றல்ல. மேற்கூறிய குளோபைப்ரேட்டே இதற்குச் சான்று. உலக நலவாழ்வு அமைப்பின் பெரிய சோதனை ஒன்றில் அது கொலஸ்டிராலைக் குறைத்தது. உயிருக்கு ஊறு நேராத மாரடைப்புகளும் குறைந்தன. எனினும் மருந்துண்டவரிடம் மொத்த இறப்பு மிகுந்திருந்ததாக 1978இல் அறிவிக்கப்பட்டது. 'கொலஸ்டிராலைக் குறைத்தது' என்னும் மூலத்தொடரை 'இதயத்தைக் காக்கும்' என்று பெயர்ப்பது எத்துணைப் பெரிய தாவல் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

7. தமிழ்த் தொடரில் நேர்வன

மூலச் செய்தி தமிழ்த் தொடராகும்போது ஏற்படும் மாற்றங்களுள் நான்கினை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது, காலம். ஆய்வறிக்கை இறந்தகாலத்தில் முடிவினைக் கூறுகிறது: 'குறைத்தது'. தமிழாக்கத்தில் அது 'குறைக்கும்' என்றாகிறது. செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று எதிர்காலத்தை மட்டுமன்றி என்றும் உள்ள இயல்பையும் உணர்த்தும். 'ஞாயிறு கிழக்கே உதிக்கும்' என்பது போன்றது அது. மேலும் சித்த மருத்துவக் குணபாட நூல்கள் சரக்குகளின் பண்பை 'தீரும்', 'போம்', 'நீங்கும்' என இவ்வடிவிலேயே கூறிவந்துள்ளன. அம்மரபில் பழகிய செவிக்குக் 'குறைக்கும்' என்பது நிலைபெற்ற குணம் ஒன்றின் அறிவிப்பாக ஒலிக்கிறது. 8 வாரத்திலோ ஒரு கூண்டிலோ கண்ட நிகழ்ச்சி இவ்வாறு பொதுவிதி ஆகிவிடுகிறது.

இரண்டாவது, '-லாம்' என்னும் ஈறு. இது வாய்ப்பையும் இசைவையும் ஒருங்கே உணர்த்துவது. 'பயன்படக்கூடும்' என்னும் ஐயப்பொருளில் அமைந்த மூலத்தைப் 'பயன்படுத்தலாம்' எனப் பெயர்த்தால், படிப்பவர் அதனை அனுமதியாகவே கொள்வர். வாய்ப்பை மட்டும் கூறவேண்டிய இடத்தில் '-கூடும்' என்னும் வடிவே தகுதியுடையது.

மூன்றாவது, தன்வினை பிறவினை வேறுபாடு. 'கொலஸ்டிரால் குறைந்தது' என்பது நிகழ்வு. 'குக்குலு கொலஸ்டிராலைக் குறைத்தது' என்பது காரணம். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு முன்னதையே கூறவல்லது. இவ்வாறே 'உயர்ந்ததைக் குறைத்தது' என்பதும் 'உயராமல் தடுத்தது' என்பதும் வேறானவை. கொலஸ்டிரால் தீனியுடன் மருந்தையும் சேர்த்துத் தொடக்கம் முதலே ஊட்டிய ஆய்வில் நிகழ்ந்தது பின்னதே.

நான்காவது, கொழுப்பைக் குறிக்கும் சொற்கள். தமிழ்நாட்டு வழக்கில் 'கொழுப்பு' என்பது உணவின் நெய்ப்பு, உடற்பருமன், டிரைகிளிசரைடு, கொலஸ்டிரால் அனைத்துக்கும் பொது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'இலிப்பிட்டு' என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக் கொழுப்பினை அதன் ஒரு வகையாக்கியதனால் இவ்விடத்தில் தெளிவு மிகுதி. 'நல்ல கொழுப்பு', 'கெட்ட கொழுப்பு' என்னும் வழக்கு எளிதாயினும், இரண்டிலும் உள்ள கொலஸ்டிரால் ஒன்றே, சுமக்கும் புரதமே வேறு என்னும் உண்மையை மறைக்கிறது. பழந்தமிழில் கொழுப்பைக் குறித்த 'நிணம்' என்னும் சொல் இன்று நிணநீர் என்னும் கலைச்சொல்லில் வேறு பொருளோடு நிலைபெற்றுவிட்டது. எனவே அதனை இத்துறையில் மீண்டும் புகுத்துதல் தெளிவு தராது.

இவை அனைத்தும் ஒருங்கே செயற்படும் முறையை ஒரு தொடரைக் கொண்டு காட்டலாம். 2002ஆம் ஆண்டின் ஆய்வு முடிவைப் பின்வருமாறு எழுதுவது முறையானது:

'கொலஸ்டிரால் மிகுந்த தீனியுண்ட சுண்டெலிகளில் குக்குலுஸ்டீரோன் கல்லீரல் கொலஸ்டிராலைக் குறைத்தது.'

இது சுருங்கும் படிகள் வருமாறு:

(அ) 'சுண்டெலிகளில் குக்குலுஸ்டீரோன் கொலஸ்டிராலைக் குறைத்தது.' தீனியும் கல்லீரலும் நீங்கின.

(ஆ) 'குக்குலு கொலஸ்டிராலைக் குறைப்பது கண்டறியப்பட்டுள்ளது.' விலங்கு நீங்கியது, கூறு முழுப்பொருளாயிற்று.

(இ) 'குக்குலு இரத்தக் கொழுப்பைக் குறைக்கும்.' கல்லீரல் குருதியாயிற்று; கொலஸ்டிரால் கொழுப்பாயிற்று; நிகழ்ச்சி குணமாயிற்று.

(ஈ) 'இரத்தக் கொழுப்பு உள்ளவர்கள் குங்கிலியம் உண்ணலாம்.' மனிதர் புகுந்தனர்; மரம் மாறியது; அறிவுரை பிறந்தது.

ஒவ்வொரு படியும் தனித்து நோக்கின் சிறு சுருக்கமாகவே தோன்றும். முதல் தொடரையும் இறுதித் தொடரையும் அருகருகே வைத்தால் அவற்றிடையே பொதுவாக எஞ்சியது ஏறத்தாழ எதுவும் இல்லை. இறுதித் தொடரை நம்பும் ஒருவர் மருத்துவர் அளித்த மருந்தினை நிறுத்தக்கூடும். அல்லது இரண்டையும் சேர்த்து உண்ணக்கூடும். இதயநோய்க்குத் தரப்படும் டில்டியாசெம், புரோப்ரனலால் ஆகிய மருந்துகள் உடலில் சேரும் அளவினைக் குகுலிப்பிடு குறைத்ததாக 1994இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று தெரிவித்துள்ளது. ஆகவே இக்கவலை கற்பனையானதன்று.

மரத்திற்கும் இதனால் இழப்பு உண்டு. மெல்ல வளரும் இம்மரத்தைப் பிசினுக்காக அளவுமீறிக் கீறுவதால் அது பட்டுப்போகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை மிக அருகிய இனங்களின் வரிசையில் வைத்துள்ளது.

8. முடிவுரை

குக்குலுவின் வரலாற்றில் மூன்று பெயர்ப்புகள் நிகழ்ந்துள்ளன. மேதசு கொலஸ்டிராலாகப் பெயர்க்கப்பட்டது முதலாவது. அது துணிவான கருதுகோள்; சோதனைக்கு உட்படுத்தப்பட்டதனால் பயன் தந்தது. முயலின் குருதி மனிதரின் குருதியாகப் பெயர்க்கப்பட்டது இரண்டாவது. அதுவும் சோதிக்கப்பட்டது, முடிவு ஒருமுகமாக அமையவில்லை. ஆய்வறிக்கை பொதுமக்கள் தமிழாகப் பெயர்க்கப்படுவது மூன்றாவது. முன்னிரண்டிற்கும் சோதிக்கும் முறை உண்டு. மூன்றாவதற்கு மொழிபெயர்ப்பாளரின் கவனம் ஒன்றே காவலாக உள்ளது.

அக்கவனத்திற்குரிய நெறி எளிதே. பொருளின் பெயரும் வடிவும், விலங்கின் பெயர், கொழுப்பின் வகையும் இடமும், வினையின் காலம் ஆகிய நான்கும் தமிழ்த் தொடரில் இடம்பெற வேண்டும். தொடர் சற்று நீளும். நடையின் ஓட்டம் சற்றுக் குறையும். ஆனால் 'முயல்களில்' என்னும் ஒரு சொல் தொடரில் நிற்குமாயின், படிப்பவர் தம்மை முயலோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்க வாய்ப்பு உண்டு. அச்சொல் உதிர்ந்தபின் அவ்வாய்ப்பு அவருக்கு இல்லை.